ஹேண்டிக்கு ஒரு மேசை மைக் பெட்டி

வாரத்தில் இரண்டு மாலை எங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) குழுவின் நெட்டை, அதாவது ரேடியோவில் எல்லோரும் கூடும் கூட்டத்தை, நடத்துவது என் பொறுப்பு. எல்லோரும் ஒரே அலைவரிசைக்கு வந்து சேர்வார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அழைப்புக்குறி, நேரம், சிக்னல் எப்படி வந்தது என்பதையெல்லாம் லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும். முதல் ஆறு மாதம் இடது கையில் ஹேண்டியை, அதாவது கையடக்க ரேடியோவை, பிடித்துக்கொண்டுதான் இதைச் செய்தேன். கட்டைவிரல் பேசுவதற்கு அமுக்க வேண்டிய பி.டி.டி. பட்டனில், வலது கையில் பேனா, புத்தகம் நகராமலிருக்க முழங்கை அதன் மேல். நாற்பது நிமிடம் முடிவதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும். அதைவிட அதிகமாக உறுத்தியது இன்னொன்று. எழுதக் குனியும்போதெல்லாம் ஹேண்டி வாயைவிட்டு விலகும், குரல் தேயும். கரகரப்புக்கு நடுவே காது கொடுத்துக் காத்திருக்கும் ஒருவர், தன்னைக் கூப்பிட்டதே தெரியாமல் இருந்துவிடுவார்.

அதற்காகக் கட்டியதுதான் இந்தப் பெட்டி. மேசையில் ஒரு சின்ன மைக், அமுக்க ஒரு பெரிய பட்டன், இயர்போன் செருக ஒரு ஜாக். ஹேண்டி ஜன்னலோரம் நிற்கும், கேபிள் மட்டும் மேசைக்கு வரும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை. உதிரி பாகங்களை ஒரு கையில் அள்ளிவிடலாம். ஆனால் இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் அயர்னைச் சூடாக்க வேண்டாம். மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுக் கம்பியைத்தான் கிரவுண்ட் என்கிறோம். மைக்கின் கிரவுண்ட் வேறு, ரேடியோவின் கிரவுண்ட் வேறு. கீழே நான் சொல்லப்போகும் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்து வருகிறது.

முதலில் பின்னைப் படியுங்கள்

நான் சொல்வது கென்வுட் வகை இரட்டைப் பின் உள்ள ஹேண்டிகளுக்கு. பாவ்ஃபெங் யூவி-5ஆர் உட்படப் பல ஹேண்டிகளில் இதுதான் இருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு துளைகள், ஒன்று 3.5 மி.மீ., மற்றது 2.5 மி.மீ. ஒவ்வொரு பின்னிலும் மூன்று பகுதிகள். முனையில் இருப்பதை நுனி என்றும், நடுவில் இருப்பதை வளையம் என்றும், பிளாஸ்டிக்கை ஒட்டி நீளமாக இருப்பதை அடி என்றும் வைத்துக்கொள்வோம்.

நமக்கு வேண்டியவை நான்குதான். சின்னப் பின்னின் நுனியில் ஸ்பீக்கர் ஒலி வருகிறது. சின்னப் பின்னின் அடிதான் ரேடியோவின் உண்மையான கிரவுண்ட். பெரிய பின்னின் வளையம் மைக்கின் பாசிட்டிவ். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான மின்னழுத்தமும் இதே கம்பியில் வருகிறது. பெரிய பின்னின் அடி மைக்கின் நெகட்டிவ். இந்த நான்காவதைப் பார்த்து "அடி என்றால் கிரவுண்ட்தானே" என்று நினைத்துவிடக் கூடாது. அது பி.டி.டி. கம்பியும்கூட. அதைச் சின்னப் பின்னின் அடியோடு சேர்த்த கணமே ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கிவிடும். பிரித்தால் நின்றுவிடும்.

இந்த அமைப்பில் உள்ள அழகு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைக்கின் நெகட்டிவ் பெரிய பின்னின் அடியோடு நிற்கிறது. பட்டனை அமுக்கினால் அந்த அடி கிரவுண்டைத் தொடுகிறது, ரேடியோ ஒலிபரப்புக்கு மாறுகிறது, அதே நொடியில் மைக்கின் சுற்றும் முழுமையாகி மைக்குக்கு உயிர் வருகிறது. பட்டனை விட்டால் இரண்டும் சேர்ந்தே அடங்குகின்றன. ஒரே ஒரு பட்டன், இரண்டு வேலை.

எல்லா ஹேண்டியும் இப்படி இல்லை. பழைய ஐகாம், யேசு மாடல்கள் பலவற்றில் மைக்கும் பி.டி.டி.யும் ஒரே கம்பியில் போகும். அந்தக் கம்பியிலிருந்து கிரவுண்டுக்குக் கொஞ்சம் மின்னோட்டம் ஓடினால், பட்டன் அமுக்கப்பட்டதாக ரேடியோ எடுத்துக்கொள்ளும். அங்கே மைக்கையும் பட்டனையும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரியஸில் இணைப்பார்கள். ஒலியை வேறு கருவியிலிருந்து கொடுப்பதாக இருந்தால், இடையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, பட்டன் வழியாக ஒரு ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு இறக்குவார்கள்; பல மாடல்களுக்கு 2.2 கிலோ ஓம், சில ஐகாம் மாடல்களுக்கு 33 கிலோ ஓம். உங்களுடையது இந்த வகையா என்பதை அதன் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இனி வரும் இணைப்பு இரட்டைப் பின்னுக்கு மட்டும்தான்.

கேபிளை உரிப்பது

பின்னைத் தனியாக வாங்கிச் சால்டர் செய்வதைவிட, ஹேண்டியோடு வரும் இயர்போன் ஒயரை வெட்டிக்கொள்வது மேல். இரண்டு பின்களும் சரியான இடைவெளியில் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பில் இருக்கும். தனித்தனிப் பின்களை வைத்து அந்த இடைவெளியைக் கையால் கொண்டுவருவது பெரும்பாடு. இயர்போன் பக்கம் இருக்கும் சின்னப் பட்டன் கூட்டுக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். பின்கள் இருக்கும் பக்கம் எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளித்தோலை உரித்தால் உள்ளே மெல்லிய கம்பிகள் தெரியும். இங்கேதான் புதியவர்கள் மனம் தளர்ந்துபோகிறார்கள். கம்பி செம்பாகத்தான் தெரிகிறது, ஆனால் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு வழிந்துவிடும். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருப்பதுதான் காரணம். நடுவில் பலத்துக்காக நைலான் நூலும் ஓடும். பிளேடால் சுரண்டாதீர்கள், இழை அறுந்துவிடும். அயர்ன் முனையில் பட்டாணி அளவு ஈயத்தை உருக்கித் துளியாக நிறுத்துங்கள். கம்பியின் நுனியை அந்தத் துளிக்குள் விட்டு மூன்று நான்கு நொடி பொறுங்கள். முதலில் லேசாகப் புகையும், பூச்சு கருகும், அப்புறம் கம்பியின் மேல் வெள்ளி நிறம் மெதுவாக ஏறிவருவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நிறம் அரை சென்டிமீட்டர் ஏறியதும் எடுத்துவிடுங்கள். கருகிய நைலான் முடிச்சை நறுக்கிவிட்டு, இன்னொரு முறை புது ஈயம் காட்டுங்கள். அந்தப் புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலிருந்த இரண்டு கேபிள்களை நான் உரித்திருக்கிறேன். ஒன்றில் சிவப்பு ஸ்பீக்கருக்குப் போனது, மற்றதில் சிவப்பு மைக்குக்குப் போனது. மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பின்னின் ஒவ்வொரு பகுதியிலும், மறு முனையை ஒவ்வொரு கம்பியிலும் தொட்டுப் பாருங்கள். எந்த நிறம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

மைக்

கண்டென்சர் மைக் என்று கேட்டால் கிடைக்கும் பொட்டு போன்ற சாமான்தான் எலக்ட்ரெட் மைக். 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் இருவரும் உருவாக்கியது. நிரந்தரமாக மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய படலம் ஒன்று உள்ளே அதிர்கிறது. அதை ஒட்டியே ஒரு சின்ன எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் இருக்கிறது. மைக்குக்கு மின்னழுத்தம் தேவைப்படுவது அந்த டிரான்சிஸ்டருக்காகத்தான். ரேடியோவே அதைக் கொடுத்துவிடுவதால் நமக்குத் தனி பேட்டரி வேண்டாம். சுமார் 10 மி.மீ. விட்டமுள்ளது கையாள வசதி.

திருப்பிப் பார்த்தால் பின்புறம் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும். அதில் ஒன்றிலிருந்து வெளி உலோக ஓட்டுக்கு இரண்டு மூன்று கோடுகள் போகும். அதுதான் நெகட்டிவ். மாற்றி இணைத்தால் ஒலி வராது, அல்லது முனகலாக வரும். சால்டர் செய்யும்போது ஒரு புள்ளிக்கு இரண்டு நொடிக்கு மேல் அயர்ன் வேண்டாம். படலத்தின் மின்னூட்டம் சூட்டில் வடிந்துவிடும், மைக் மந்தமாகிவிடும். நான் மைக்கைத் துணிக் கிளிப்பில் கவ்வவைத்து, கம்பியில் முன்பே ஈயம் பூசி, தொட்டு எடுத்துவிடுவேன்.

அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேராக ஒரு 100 பைக்கோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரையும் வையுங்கள், கால்களை முடிந்த அளவு குட்டையாக வெட்டி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இணைப்பு

மைக் பாசிட்டிவ், பெரிய பின்னின் வளையத்துக்கு. மைக் நெகட்டிவ், பெரிய பின்னின் அடிக்கு. பட்டனின் ஒரு கால் அதே பெரிய பின்னின் அடிக்கு, மறு கால் சின்னப் பின்னின் அடிக்கு. இயர்போன் ஜாக்கின் நுனியையும் வளையத்தையும் சேர்த்துச் சின்னப் பின்னின் நுனிக்கு. அப்படிச் சேர்த்தால்தான் இரண்டு காதிலும் கேட்கும். ஜாக்கின் அடி, சின்னப் பின்னின் அடிக்கு. இணைப்பு இவ்வளவுதான். பின்னைச் செருகியதும் ஹேண்டியின் சொந்த ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டுவிடும். அதனால் மைக் மட்டும் போதும் என்று இயர்போன் ஜாக்கை விட்டுவிடாதீர்கள்.

பட்டன் விட்டால் மேலே எழும் வகையாக இருக்கட்டும். அமுக்கினால் அப்படியே நிற்கும் சுவிட்ச் வேண்டவே வேண்டாம். மறந்து எழுந்து போனால் அலைவரிசை முழுவதும் அடைபட்டுவிடும்.

தகர டப்பா

என் முதல் பெட்டி தகர டப்பா. உலோகம்தானே, இரைச்சலைத் தடுக்கும் என்று நினைத்தேன். மைக்கை ஒரு துளையில் இறுக்கமாகச் செருகினேன், உலோகக் கழுத்துள்ள ஜாக்கை இன்னொரு துளையில் நட்டுப் போட்டு முடுக்கினேன். நெட் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பின்னைச் செருகினேன். ஒலிபரப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. இயர்போனில் சத்தமே இல்லாததை, இன்னும் யாரும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். என் மின்விசிறி, பேனா, நாற்காலி எல்லாவற்றையும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரச் செய்தி எதுவும் அன்று இல்லை. இருந்திருந்தால் அது என்னால் தடைபட்டிருக்கும் என்ற நினைப்பு இன்றும் எனக்கு இருக்கிறது.

நடந்தது எளிமையானது. மைக்கின் உலோக ஓடு அதன் நெகட்டிவோடு சேர்ந்தது, அதாவது பெரிய பின்னின் அடி. ஜாக்கின் கழுத்து சின்னப் பின்னின் அடி. இரண்டும் ஒரே தகரத்தைத் தொட்டன. எந்த இரண்டும் பட்டன் வழியாக மட்டுமே சந்திக்க வேண்டுமோ, அவற்றை டப்பாவே சேர்த்துவைத்துவிட்டது.

அதனால் பிளாஸ்டிக் பெட்டியே போதும். உலோகம்தான் வேண்டுமென்றால் மைக்கை ரப்பர் வளையத்துக்குள் பொதிந்து, பிளாஸ்டிக் கழுத்துள்ள ஜாக்கைப் போட்டு, பெட்டியைச் சின்னப் பின்னின் அடியோடு மட்டும் இணையுங்கள். எந்தப் பெட்டியானாலும், ரேடியோவில் செருகும் முன் இரண்டு பின்களின் அடிகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பட்டனைத் தொடாதபோது பீப் வரக் கூடாது. அமுக்கினால் வர வேண்டும். இந்தப் பத்து நொடிச் சோதனையை நான் இப்போது ஒவ்வொரு முறை பெட்டியைத் திறந்து மூடும்போதும் செய்கிறேன். கூடவே ஹேண்டியின் மெனுவில் டைம் அவுட் டைமரை 60 நொடிக்கு வையுங்கள். எங்காவது ஷார்ட் ஆனாலும் ரேடியோ தானே வாயை மூடிக்கொள்ளும்.

மைக்குக்கு வெளியே பெட்டியில் 3 மி.மீ. துளை போதும். மைக்கின் முகம் அந்தத் துளையை ஒட்டியிருக்க வேண்டும், முதுகுப்புறம் ஸ்பாஞ்சு. உள்ளே தள்ளி வைத்தால் பானைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள், இழுத்தால் சால்டர் பிய்ந்து வராது.

கேபிளும் ஒரு ஆன்டெனாதான்

பேசும்போது குரலோடு உர்ரென்ற இரைச்சலோ ஊளையோ சேர்ந்து வந்தால், ரேடியோ அலையே மைக்குக்குள் புகுகிறது என்று பொருள். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர். கால் பங்கு அரை மீட்டர் சொச்சம். நம் கேபிளும் அந்த நீளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஹேண்டியின் குட்டை ஆன்டெனா தன் மறுபாதியாக ரேடியோவின் உடலையும் அதைப் பிடித்திருக்கும் கையையும் பயன்படுத்துகிறது. கேபிள் செருகினால் கேபிளும் அந்த மறுபாதியில் சேர்ந்துகொள்கிறது. அதில் ஓடும் அலை மைக்கின் எஃப்.இ.டி.க்குள் போய் ஒலியாக மாறிவிடுகிறது.

100 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் இதற்குத்தான். குரலுக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் கம்பிக்கு இயல்பாகவே இருக்கும் சிறு இண்டக்டன்ஸோடு சேர்ந்து, 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அது கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடுகிறது. அலை மைக்குக்குள் போகாமல் அதன் வழியே கடந்துவிடும். 435 மெகாஹெர்ட்ஸில் அதிகம் பேசுபவர்கள் கூடவே 22 அல்லது 33 பைக்கோ ஃபாரட் ஒன்றையும் வைக்கலாம். அதுவும் போதாவிட்டால், ரேடியோவுக்குப் பக்கத்தில் கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். 145-க்கு 43 வகை ஃபெரைட் நன்றாக வேலை செய்யும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, ஆன்டெனாவை வெளியே கொண்டுபோவது. என் ஹேண்டியை வெளி ஆன்டெனாவில் மாட்டிய அன்றே ஊளை அடியோடு போனது.

குரலைப் பார்ப்பது

முதல் சோதனை நெட்டில் வேண்டாம். டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுவது, அலையை வெளியே விடாது) இருந்தால் அதில், இல்லையென்றால் மிகக் குறைந்த சக்தியில், யாரும் இல்லாத சிம்ப்ளெக்ஸ் அலைவரிசையில் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசுவது), உங்கள் உரிமம் அனுமதிக்கும் இடத்தில். இரண்டாவது ரேடியோவை அடுத்த அறையில் வைத்து அதன் ஒலியைப் பதிவு செய்யுங்கள். ஹேண்டியின் சொந்த மைக்கில் பத்து நொடி, பெட்டியில் பத்து நொடி. பிறகு இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கத்தினால் தூரம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். எஃப்.எம்.மில் அப்படி நடக்காது. 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அதிர்வெண் விலகல், அதாவது குரலுக்கேற்ப அலை நகரும் அளவு, கூட்டியும் குறைத்தும் 5 கிலோஹெர்ட்ஸ், 12.5 சேனலில் 2.5. அதைத் தாண்டாமல் ரேடியோ குரலின் உச்சிகளை நறுக்கிவிடும். நறுக்கப்பட்ட குரல் கரகரப்பாகத்தான் போய்ச் சேரும். பதிவில் அப்படிக் கேட்டால் மைக்கின் உணர்திறன் அதிகம். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் சீரியஸில் கோத்து, அந்தச் சோடியை மைக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே வையுங்கள். கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் மைக்கின் பாசிட்டிவ் பக்கம். மைக்கின் மின்னழுத்தம் கெடாமல் ஒலி மட்டும் குறையும். மைக்குக்கு நேராகப் பேசாமல், ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் பேசினால் "ப", "ஃப" எழுத்துகளின் காற்று அடிக்காது.

எங்கள் குழுவில் ஒரு மூத்த ஆபரேட்டர் இருக்கிறார், கை நடுக்கம் உண்டு. ஹேண்டியின் சின்னப் பட்டனை அவரால் நிலையாக அமுக்க முடியாமல், பேச்சு பாதியில் அறுந்து அறுந்து வரும். மெல்ல மெல்ல நெட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். அவருக்கென்று இதே பெட்டியைக் கட்டி, பட்டனுக்கு இணையாக ஒரு கால் சுவிட்ச் போட்டேன். அதன் கம்பி நீளம் என்பதால் அதற்கும் தனியாக ஒரு ஃபெரைட் வளையம். இப்போது அவர் முழு வாக்கியம் பேசுகிறார். அதைக் கேட்டபின் எனக்கும் கால் சுவிட்ச் போட்டுக்கொண்டேன். இரண்டு கையும் லாக் புத்தகத்துக்குக் கிடைத்துவிட்டது.

கணினியிலிருந்து ஒலி அனுப்ப விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கணினியின் ஹெட்ஃபோன் கிரவுண்டும் மைக் கிரவுண்டும் உள்ளே ஒன்றுதான். இரண்டு ஒயரையும் அப்படியே ஹேண்டியில் மாட்டினால், என் தகர டப்பா செய்த அதே வேலையைக் கணினி செய்துவிடும். மைக் பாதையில் 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரியுங்கள். ரேடியோ பக்கம் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சீரியஸில் போடுங்கள், மைக்குக்கு வரும் மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட் ஆகாமலிருக்க. கணினியின் ஒலி மைக் ஒலியைவிட ஏறக்குறைய நூறு மடங்கு பெரியது. கணினிப் பக்கம் 10 கிலோ ஓமும் 100 ஓமும் வைத்துப் பிரித்தால் சரியான அளவுக்கு இறங்கும். பி.டி.டி.க்கு, கம்பித் தொடர்பின்றி ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வைத்தால் கிரவுண்டுகள் அங்கேயும் சேராது.

எல்லாம் சரியாக வந்ததும், கம்பி நிறங்களை எழுதிவைத்த அந்தத் தாளைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். எந்தப் பின்னின் எந்தப் பகுதி, எந்த நிறம், கட்டிய தேதி. கேபிள் எப்படியும் ஒருநாள் பின்னை ஒட்டிய இடத்தில் அறும். அன்று அவசரமாகத் திறக்கும் கைக்கு அந்தத் தாள் தயாராக இருக்கட்டும். இரண்டு அடிகளையும் மல்டிமீட்டரால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திருகை முடுக்குங்கள்.